ஐஸ் இருக்கிறது, பால் ஏன் குளிரவில்லை?

பால் குளிரூட்டும் நிலையங்களில் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறேன். ஐஸைச் சேமித்து வைக்கும் ஐஸ் பேங்க் தொட்டியைத் திறந்தால் உள்ளே ஐஸ் நிறைந்திருக்கும். பாலோ 8 டிகிரிக்குக் கீழே இறங்காது. கம்ப்ரஸர் போதவில்லை, பெரிதாகப் போடலாம் என்று பேச்சு கிளம்பிவிடும். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

கறந்த பாலைச் சீக்கிரமாக 4 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். காலையும் மாலையும் பால் மொத்தமாக வந்து விழும், கரண்டுக்காகக் காத்திருக்காது. அதனால் இடைப்பட்ட நேரத்திலேயே தொட்டித் தண்ணீரில் மூழ்கிய குளிர்ச் சுருள் குழாய்களான காயில்களைச் சுற்றி ஐஸ் கட்ட வைக்கிறோம். பால் வந்ததும் அந்தத் தண்ணீர், தகடுகளின் இருபுறமும் பாலும் தண்ணீரும் ஓடும் பிளேட் கூலருக்குப் போய், பாலின் வெப்பத்தை வாங்கிவந்து ஐஸை உருக்குகிறது. ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வேண்டும். 1000 லிட்டர் பாலை 35 டிகிரியிலிருந்து 4க்கு இறக்க, கணக்குப்படி சுமார் 370 கிலோ ஐஸ் போதும்.

ஆனால் தண்ணீர் ஐஸைத் தொட்டு ஓடினால்தான் இது நடக்கும். தடிமனைக் கட்டுப்படுத்தும் சென்சார் பழுதானால் பக்கத்துப் பக்கத்துக் காயில்களின் ஐஸ் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகிவிடும். தண்ணீருக்கு வழி அடைபடும். ஐஸ் தடிக்கத் தடிக்க, அதே அளவு ஐஸ் கட்டக் கம்ப்ரஸருக்குக் கூடுதல் கரண்ட் செலவாகும்.

பால் ஓடும்போது தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீரின் வெப்பநிலையைப் பாருங்கள். ஐஸ் மிச்சமிருக்கும்போதே அது 4, 5 டிகிரிக்கு ஏறினால் கோளாறு தொட்டியில்: ஐஸ் ஒட்டியிருக்கும், அல்லது தண்ணீரைக் கலக்கும் காற்றுக் குழாய் அடைத்திருக்கும். தண்ணீர் 1 டிகிரியில் வந்தும் பால் குளிரவில்லையா? பிளேட்டுகளில் படிந்திருக்கும் அழுக்கையும் பம்பின் ஓட்டத்தையும் கவனியுங்கள்.

இப்போது மெழுகு, உப்புக் கலவைகள் நிரப்பிய வெப்பச் சேமிப்புத் தொட்டிகளும் விற்பனைக்கு வருகின்றன. விளம்பரத் தாளில் எத்தனை கிலோஜூல் பிடிக்கும் என்பது பெரிதாக இருக்கும். எவ்வளவு வேகமாகத் திரும்பக் கிடைக்கும் என்பதைத் தேட வேண்டியிருக்கும். பாரஃபின் மெழுகு கிலோவுக்கு ஏறத்தாழ 200 கிலோஜூல் பிடிக்கும், சரி. ஆனால் அதன் வெப்பக் கடத்தல் ஐஸில் பத்தில் ஒரு பங்குதான். வெப்பத்தை எடுக்கும்போது மெழுகு முதலில் குழாயின் மேலேயே உறைந்து, பின்னால் இருக்கும் சூட்டை மறித்துவிடும். அலுமினியத் தகடுகளையோ கிராஃபைட்டையோ சேர்ப்பது இதற்காகத்தான்.

உப்புகளில் சிக்கல் வேறு. 1948இல் அமெரிக்காவின் டோவர் நகரில் மரியா டெல்கெஸ் என்ற விஞ்ஞானி கிளாபர் உப்பில் (நீரேறிய சோடியம் சல்ஃபேட்) சூரிய வெப்பத்தைச் சேமித்து ஒரு வீட்டையே சூடாக்கினார். அருமையான வேலை. ஆனால் திரும்பத் திரும்ப உருகி உறைந்ததில் உப்பு அடியில் பிரிந்து தங்க, சில குளிர்காலங்களிலேயே அமைப்பு ஓய்ந்தது.

ஆகவே ஆர்டர் கொடுக்குமுன், எத்தனை கிலோவாட், எத்தனை மணி நேரம், எந்த வெப்பநிலையில் வெளிவரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நூற்றுக்கணக்கான முறை உருகி உறைந்த பிறகான அளவையும் கேளுங்கள். சோதனை ஓட்டத்தைப் பாதியில் நிறுத்தாமல் தொட்டியில் சேமித்தது முழுவதும் தீரும்வரை பாருங்கள். வேகம் விழுவது கடைசிப் பகுதியில்தான்.