சிந்தசைசர் தட்டில் டீ-நாய்ஸ் பட்டனை அமுக்கும் முன்

பழைய இசைத்தட்டுகளை டிஜிட்டலாக்கித் தருவது என் தொழில். எழுபதுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கைக்காசைப் போட்டு ஆட்கள் அச்சடித்த சிந்தசைசர் (மின்சுற்றால் ஒலியை உண்டாக்கும் இசைக்கருவி) தட்டுகளும் அவ்வப்போது கைக்கு வரும், கூடவே யாரோ கணினியில் டீ-நாய்ஸ் (இரைச்சல் நீக்கும்) மென்பொருளை ஓட்டிச் 'சுத்தம்' செய்து கெடுத்த ஒரு கோப்பும் வரும்.

பெர்லினில் இயங்கிய கான்ராட் ஷ்னிட்ஸ்லர் 1973-இல் தானே வெளியிட்ட 'ரோட்' தட்டையே பாருங்கள். பக்கத்துக்கு ஒரே உருப்படி. அவர் பெயரோடு சேர்த்தே பேசப்படும் இ.எம்.எஸ். கம்பெனியின் சிந்தி ஏ என்ற சிந்தசைசர் பெட்டிக்குள் ஸ்வரம் எழுப்பும் மூன்று ஆஸிலேட்டர்களோடு, இரைச்சல் எழுப்பும் ஒரு நாய்ஸ் ஜெனரேட்டரும் உண்டு. அதன் 'உஸ்' சத்தத்தை ஒலியை வடிகட்டும் ஃபில்டரில் விட்டுத் திருகினால் காற்றும் அலையும் வரும், ஆனால் மென்பொருளுக்கு அதுவும் டேப் இரைச்சலும் ஒன்றுதான், இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிடும். டீ-கிளிக் (கீறல் சத்தம் நீக்கும் வசதி) இன்னும் மோசம். ஸ்வரம் சட்டென்று தொடங்கும்போது வருகிற 'டக்'கைக் கீறல் என்று நினைத்து மழித்துவிடும்.

அப்படியானால் எப்படிப் பிரித்தறிவது? இசை தொடங்குமுன் ஊசி ஓடும் வெற்றுப் பள்ளத்தில் கேட்பது தட்டின் இரைச்சல், அதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் தட்டு ஒரு சுற்றுக்கு 1.8 நொடி எடுக்கும், அதனால் 'டக்' சரியாக அந்த இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் கீறல் (ஸ்வர வரிசையைத் தானாகத் திரும்பத் திரும்ப வாசிக்கும் சீக்வென்சரின் துடிப்பும் அதே கணக்கில் விழுந்தால் தொலைந்தோம், ஆனால் அது அபூர்வம்). சுருதி மெல்ல நழுவுகிறதா? சுழலும் வேகத்தைக் காட்டும் ஸ்ட்ரோப் டிஸ்க் வைத்து டர்ன்டேபிளைச் சரிபாருங்கள். அது சரியென்றால் விட்டுவிடுங்கள், அந்தக் காலத்து ஆஸிலேட்டர் சூடேறினால் சுருதி நகரத்தான் செய்யும்.

பெரிய கம்பெனித் தட்டென்றால் மாஸ்டர் டேப் (மூலப் பதிவு) எங்காவது பத்திரமாக இருக்க வாய்ப்புண்டு. இந்த மாதிரிச் சின்னத் தட்டுகளுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. இசையமைப்பாளர் மார்ட் கார்சனின் 'பிளான்டேசியா' 1976-இல் லாஸ் ஏஞ்சலஸ் செடிக்கடை ஒன்றில் செடி வாங்கியவர்களுக்குக் கொடுத்த தட்டு. 2019-இல் முறையாக மறுபதிப்பு வரும்வரை நிறையப் பேர் கேட்டது யாரோ வீட்டில் எடுத்த நகலைத்தான். அந்த யாரோ நீங்களாகவும் இருக்கலாம்.

அதனால் முதலில் தட்டைக் கழுவுங்கள், பாதிச் சத்தம் அதிலேயே போய்விடும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்து அந்தக் கோப்பை அப்படியே வைத்துவிட்டு, நகலில் மட்டும் கைவையுங்கள். வெளியே கொடுத்துச் செய்தால் சுத்தம் செய்யாத கோப்பையும் கேட்டு வாங்குங்கள், கூடக் கொஞ்சம் காசு கேட்டாலும் சரி.