பிரிவிலேஜ் சலுகை அல்ல, பின்பலம்

"உங்கள் சலுகையைச் சரிபாருங்கள்." முகநூலில் இந்த வாக்கியத்தைப் படித்துப் படித்துக் கண் பூத்துவிட்டது. மதுரையில் பஸ்ஸுக்கு நிற்கும் ஒரு மாணவனிடம் இதைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். பாஸ் காலாவதியாகிவிட்டதோ என்று பையைத் தடவுவான். "செக் யுவர் பிரிவிலேஜ்" என்ற ஆங்கில வாக்கியம் இது, பிறந்த இடத்தால் கேட்காமலே கிடைக்கும் நன்மையைத் திரும்பிப் பார்க்கச் சொல்வது. அதில் "பிரிவிலேஜ்" இருந்த இடத்தில் "சலுகை"யை ஒட்டவைத்துவிட்டு, மொழிபெயர்த்தாயிற்று என்று போய்விட்டார்கள். அதை வைத்துக்கொண்டு இப்போது ஊரே சண்டை போடுகிறது.

வேரைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் "பிரைவஸ்" என்றால் தனி, "லெக்ஸ்" என்றால் சட்டம். இரண்டும் சேர்ந்தால் தனி ஆளுக்கென்று போட்ட சட்டம். பழைய ரோமில் அது பெரும்பாலும் நல்லதற்கில்லை. ஒருவனைக் குறிவைத்துப் போடுகிற சட்டம் அது. அப்படிச் சட்டம் போடக் கூடாது என்று அவர்களுடைய பன்னிரண்டு பலகைச் சட்டத்திலேயே தடை இருந்தது. அந்தப் பழைய பொருளில் பார்த்தால், உசிலம்பட்டிப் பக்கத்து ஜனங்கள் மேல் பாய்ந்த குற்றப் பரம்பரைச் சட்டம்தான் அசல் பிரிவிலேஜ். இன்ன பிறப்பில் பிறந்தவன் கைரேகை வைக்க வேண்டும் என்ற சட்டம். அதனால்தான் ஊரில் அதற்குக் கைரேகைச் சட்டம் என்றே பெயர். அதை எதிர்த்ததற்கு 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது.

பிற்பாடு ஐரோப்பாவில் அரசன் வேண்டியவர்களுக்கு எழுதிக் கொடுத்த தனி உரிமைகளுக்கு அந்தச் சொல் போனது. 1789 ஆகஸ்ட் 4 இரவில் பிரான்ஸ் ஒழித்தது அவற்றைத்தான். நம் அரசமைப்புச் சட்டத்தின் 105, 194 ஆகிய கூறுகளில் வருவது நாடாளுமன்றத்தார், சட்டமன்றத்தாருடைய சிறப்புரிமை. அங்கே அந்தத் தமிழ்ச் சொல் சரியாகப் பொருந்துகிறது. அதில் தகராறு இல்லை.

இன்றைக்கு முகநூலில் புழங்கும் பொருள் வேறு. 1988இல் பெக்கி மெக்கின்டாஷ் என்ற அமெரிக்கப் பெண் ஆய்வாளர், தான் வெள்ளைத் தோலோடு பிறந்ததால் அன்றாடம் கிடைக்கும் நன்மைகளைப் பட்டியல் போட்டுக் கட்டுரை எழுதினார். கடைக்குப் போனால் தன்னை யாரும் சந்தேகத்தோடு பின்தொடர்வதில்லை என்பது மாதிரியான நன்மைகள். யாரும் எழுதிக் கொடுக்காதவை, கேட்டு வாங்காதவை, இருப்பதே தெரியாதவை. இப்போது சண்டையில் அடிபடும் பிரிவிலேஜ் பெரும்பாலும் இந்தப் பொருளில்தான் வருகிறது.

இதற்குப் போய் "சலுகை" என்றால் எப்படி?

சலுகை என்றால் கொடுக்க ஒருவர் வேண்டும், வாங்க ஒருவர் வேண்டும். வீட்டில்கூட "ரொம்பச் சலுகை குடுத்துக் கெடுத்து வச்சிருக்க" என்றுதான் அம்மாவைத் திட்டுவார்கள். கன்னடத்தில் "சலுகெ" என்றால் நெருக்கத்தால் எடுத்துக்கொள்ளும் உரிமை. அதிலும் ஒருவர் இடம் கொடுத்தால்தான் இன்னொருவர் எடுக்க முடியும். கொடுத்தவர் திரும்பப் பிடுங்கவும் முடியும். மூத்த குடிமக்களுக்கு ரயில் கட்டணச் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் ஓர் உத்தரவு போட்டு நிறுத்தினார்கள், முடிந்தது. பிரிவிலேஜை எந்த உத்தரவு நிறுத்தும்?

அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் சலுகை என்பது இல்லாதவர்களுக்குக் கொடுப்பது. அரசாங்கத் தாள்களில் பெரும்பாலும் அப்படித்தான். முதல் பட்டதாரிச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அதுவரை ஒருவரும் பட்டம் வாங்கவில்லை என்றால் பொறியியல் படிப்புக்குக் கட்டணச் சலுகை உண்டு. உசிலம்பட்டியில் ஓர் இ-சேவை மையத்தில் காத்திருந்தபோது பார்த்தேன். கணினிக்கு முன்னால் இருந்த பையன் கேட்டான்: "யக்கா, வீட்ல ஆரும் டிகிரி முடிக்கலேல்ல?" அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "டிகிரியா? நான் அஞ்சாப்பு தம்பி. அவுக எட்டாப்பு." பக்கத்தில் மகள் கசங்கிய பிளாஸ்டிக் உறைக்குள் மாற்றுச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் வைத்துக்கொண்டு நின்றாள். விஏஓ, ஆர்ஐ என்று படிப்படியாகப் போய்ச் சான்றிதழ் வந்தால் அவள் சலுகை பெற்றவள். அரசாங்கமே முத்திரை குத்திச் சொல்கிறது.

இப்போது கே.கே.நகரில் ஒரு பையனை வைத்துக்கொள்வோம். தாத்தா தலைமையாசிரியர், அப்பா வங்கி மேலாளர், அத்தை அமெரிக்காவில். எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு, விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று சாப்பிடும்போதே பேசி முடித்துவிடுகிற வீடு. அவனுக்கு எந்தச் சலுகையும் கிடையாது. கட்டணத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை. ஆங்கிலத்தில் அவன்தான் பிரிவிலேஜ் உள்ளவன். மொழிபெயர்ப்பாளர் தயவால் தமிழில் அந்தப் பட்டம் உசிலம்பட்டிப் பெண்ணுக்குப் போய்விட்டது. சொல் ஒன்றும் கொஞ்சம் விலகிப்போகவில்லை. தலைகீழாகவே நிற்கிறது.

அதனால்தான் கருத்துப் பகுதியில் நடக்கும் சண்டை ஒரு நாளும் முடிவதில்லை. "நீங்கள் சலுகை பெற்றவர்" என்று ஒருவர் எழுதுகிறார். "எனக்கு யார் சலுகை கொடுத்தது? ராத்திரி ஒரு மணி வரை முழித்துப் படித்தேன், கஷ்டப்பட்டு வந்தேன். சலுகை வாங்கியவர்கள்தான் யார் என்று ஊருக்கே தெரியுமே" என்று கே.கே.நகர் பதில் போடுகிறது. கடைசி வாக்கியத்தில் இருக்கும் விஷத்தை விட்டுவிட்டால், தமிழ் அவர் பக்கம்தான். அவருக்கு யாரும் சலுகை தரவில்லை. இட ஒதுக்கீட்டைச் சலுகை என்று இளக்காரமாகச் சொல்லும் பழக்கம் ஏற்கெனவே இங்கே வேரோடியிருக்கிறது. இந்திரா சாஹ்னி வழக்கில் 1992இலேயே உச்ச நீதிமன்றம், வேலையில் ஒதுக்கீடு சமத்துவத்துக்கு விதிவிலக்கு அல்ல, சமத்துவத்தின் ஒரு பகுதிதான் என்று சொல்லியாயிற்று. அப்படியும் வாய் திருந்தவில்லை. அந்த வாய்க்கு நாமே ஒரு சொல்லை ஊட்டிக்கொண்டிருக்கிறோம். சமூக நீதி பேசுகிறவர்கள்தான் இதை அதிகம் எழுதுகிறார்கள் என்பது தனிக் கூத்து.

"ஆண் சலுகை" என்று எழுதுவதும் இதே கதை. உடனே ஒருவர் "சலுகை பொம்பளைகளுக்குத்தானே, டவுன் பஸ்ஸில் காசே கிடையாதே" என்று வந்து நிற்பார். 2021இலிருந்து அது உண்மைதானே, என்ன பதில் சொல்வீர்கள்? ராத்திரி பதினொரு மணிக்கு மாட்டுத்தாவணியில் இறங்கி, டீ குடித்துவிட்டு, போனை நோண்டிக்கொண்டே நிதானமாக நடந்து போகிறானே ஒருவன், அதைப் பற்றித்தான் பேச வந்தோம். அதற்குள் பேச்சு டிக்கெட்டுக்குப் போய்விட்டது. "வெள்ளைச் சலுகை" என்று ஒரு கட்டுரையில் பார்த்தேன். பொங்கலுக்கு வேட்டி தள்ளுபடி என்றுதான் முதலில் நினைத்தேன்.

மாற்றுச் சொற்கள் சில சுற்றுகின்றன. "முன்னுரிமை" கதைக்கு ஆகாது. ரேஷன் அட்டையில் முன்னுரிமைக் குடும்பம் என்றால் ஏழைக் குடும்பம். மறுபடியும் தலைகீழ். "பிறப்புச் சாதகம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை ஜோசியரிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

"பாத்தியதை" வேண்டும் என்றார் ஒரு நண்பர். நம் பக்கத்து நல்ல சொல். இன்னார் வகையறாவுக்குப் பாத்தியப்பட்டது என்று கோயில் சுவரிலேயே எழுதியிருப்பார்கள். திருவிழாவில் பரிவட்டம், முதல் மரியாதை எல்லாம் அந்தப் பாத்தியதையில் வருபவை. மரபுரிமை, பிறப்பால் வருவது, எல்லாம் சரிதான். ஆனால் பாத்தியதை உள்ளவனுக்கு அது தன்னிடம் இருப்பது நன்றாகத் தெரியும். ஒரு வருடம் பரிவட்டம் மாறிக் கட்டினால் கோர்ட்டு வரை போவான். நாம் தேடுவது இருப்பவனுக்கே தெரியாத ஒன்றுக்குப் பெயர்.

"கொடுப்பினை"யும் அப்படித்தான், கிட்ட வந்து தவறுகிறது. கேட்க இனிமை, பாட்டிக்கும் புரியும். ஆனால் கொடுத்து வைத்தவன் என்றால் போன பிறவியில் கொடுத்து வைத்தான், இப்போது எடுக்கிறான் என்று பொருள். அதாவது சம்பாதித்தது. பிரிவிலேஜ் என்ற சொல்லே அந்தக் கணக்கை மறுக்கத்தானே வந்தது.

என் சொல் பின்பலம். புதிதாக நான் காய்ச்சியதில்லை. "அவனுக்குப் பின்பலம் இருக்குப்பா, அதான் பேசுறான்" என்று டீக்கடையில் தினமும் கேட்பதுதான். பின்னால் நிற்கும் பலம். பின்னால் நிற்பதால் அவன் கண்ணுக்குத் தெரியாது, எதிரே நிற்பவன் கண்ணுக்கு முதலில் தெரிவதே அதுதான். கொடுத்தவர், வாங்கியவர் என்ற பேச்சே இதில் இல்லை. கஷ்டப்பட்டதையும் மறுக்கவில்லை. "கஷ்டப்பட்டுத்தான் படித்தீர்கள், பின்பலமும் இருந்தது" என்று ஒரே மூச்சில் சொல்லலாம். "கஷ்டப்பட்டுப் படித்தீர்கள், சலுகையும் பெற்றீர்கள்" என்று சொல்லிப் பாருங்கள், கை நீளும். ஆங்கிலத்தில் "செக்" என்கிறார்களே, அதற்கும் "சரிபார்" வேண்டாம். உங்கள் பின்பலத்தைத் திரும்பிப் பாருங்கள் என்றால் போதும்.

கட்சிக்காரர், ரவுடி பின்னால் நிற்பதைத்தானே பின்பலம் என்போம் என்பார்கள். ஆமாம். தாத்தாவின் படிப்பும் சாதியும் பின்னால் நிற்கும்போது அதே வேலையைத்தான் செய்கின்றன, சத்தமில்லாமல். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தை நினைத்துப் பாருங்கள். 1996இல் பஞ்சாயத்துத் தலைவர் பதவியைத் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கினார்கள். ஊரின் ஆதிக்கச் சாதி எதிர்த்ததால் 2006 வரை அங்கே ஒழுங்காக ஒரு தலைவர் உட்கார முடியவில்லை. தேர்தல் நடக்காது, நடந்தால் ஜெயித்தவர் உடனே ராஜினாமா. தாளில் ஒதுக்கீடு ஒரு பக்கம், பின்பலம் இன்னொரு பக்கம். கைரேகை வைத்த அதே உசிலம்பட்டி வட்டாரம்தான் இதுவும். ஒருவரிடம் பின்பலம் இல்லாதவர் இன்னொருவரிடம் அதை வைத்துக்கொண்டு நிற்க முடியும். சலுகை என்ற சொல்லை வைத்து இதை எப்படி எழுதுவீர்கள்?

"பலம்" வடசொல் ஆயிற்றே என்று தூய தமிழ் அன்பர்கள் வருவார்கள். பின்வலு என்று எழுதுங்கள், எனக்கு மறுப்பில்லை. புரிகிற கலப்பு, புரியாத தூய்மையைவிட மேல் என்பது என் கட்சி. பிழை திருத்துகிறவர்களிடம்தான் எனக்குப் பயம். பின்பலத்தைப் பின்புலம் என்று திருத்திவிடுவார்கள். பின்புலம் எல்லோருக்கும் உண்டு, எளிய பின்புலம் என்றுகூடச் சொல்கிறோம். பின்பலம் எல்லோருக்கும் இல்லை, பேச்சே அதைப் பற்றித்தான்.

"அண்டர்பிரிவிலேஜ்டு" என்பதைச் "சலுகை குறைந்தோர்" என்று எழுதும் கூட்டம் தனி. தொண்டு நிறுவன அழைப்பிதழ்களில் இது நிறையத் தென்படுகிறது. அதற்குப் புதுச் சொல்லே தேவையில்லை. நலிந்தோர் என்று எழுதலாம். மதுரைப் பக்கம் "இல்லாதப்பட்டவுக" என்பார்கள், அழைப்பிதழில் போட்டால் சமையல்காரர் முதல் கலெக்டர் வரை எல்லோருக்கும் புரியும்.