நுனி சரிந்தால் வயது கூடும்

கண்ணாடி முன் நின்று, சுட்டுவிரலால் மூக்கு நுனியை இரண்டு மில்லிமீட்டர் மட்டும் மேலே தூக்கிப் பாருங்கள். நாற்பதைக் கடந்தவர் என்றால் முகமே சற்றுத் தெளிந்தாற்போல் இருக்கும். மூக்கு அறுவைக்குப் பின் வயது குறைந்து தெரிவதற்கு இதுதான் அடிப்படை.

புதுச்சேரி ராக் பீச்சில் காலை நடைக்கு வருபவர்களைக் கடல் பின்னணியில் பக்கவாட்டாகப் பார்த்தால் இன்னும் விளங்கும். மேலுதட்டுக்கும் மூக்கின் அடிப்பகுதிக்கும் இடைப்பட்ட கோணம் பெண்களுக்கு 95 முதல் 110 டிகிரி, ஆண்களுக்கு 90 முதல் 95 டிகிரி வரை இருந்தால் இளமையாகத் தெரியும். வயது ஏற ஏற இது குறுகும். மூக்கின் மேல், கீழ்க் குருத்தெலும்புகளைப் பிணைக்கும் நார்த்திசு தளர்கிறது. அடித்தளமான மேல்தாடை எலும்பும் தேய்ந்து பின்வாங்குகிறது. பல் விழுந்தவர்களுக்கு இது அதிகம். தூண் உள்வாங்கிய தாழ்வாரம்போல நுனி சரிகிறது. உடனே மூக்குத்தண்டு நீண்டும், முன்பு கண்ணில் படாத மேடு துருத்தியும் தெரியும். ‘வயசானா மூக்கு வளரும்’ என்று வீட்டில் சொல்வது பெரும்பாலும் இந்தச் சரிவைத்தான்.

2020-இல் வெளியான ஓர் ஆய்வில், மூக்கு அறுவை செய்துகொண்ட 100 பெண்களின் படங்களைக் கொண்டு கணினியை வயது கணிக்க வைத்தார்கள். அறுவைக்குப் பிந்தைய படங்களில் சராசரியாக 3 ஆண்டு குறைந்தது. பத்து வயது குறையும் என்று யாராவது உறுதி சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அறுவையில், நாசித்துளைகளுக்கு நடுவிலுள்ள தோலில் சிறு கீறல் போட்டுத் திறந்து, நடுச்சுவரிலிருந்து எடுத்த குருத்தெலும்புத் துண்டை நுனிக்கு முட்டுக்கொடுத்துத் தைப்பார்கள். நடுச்சுவரின் மேற்புறத்திலும் முன்புறத்திலும் குறைந்தது 10 மில்லிமீட்டர் அகலத்தை விட்டுவைக்க வேண்டும். இல்லையேல் தண்டு பின்னாளில் குழிந்துவிடும். கீழ்க் குருத்தெலும்பின் மேல்விளிம்பை நறுக்கினால் நுனி எழும்பும். ஆனால் 6 மில்லிமீட்டராவது மிஞ்சாவிட்டால், மூச்சு இழுக்கும்போதெல்லாம் பக்கச்சுவர் உள்ளே ஒட்டிக்கொள்ளும். சிரிக்கும்போது மட்டும் நுனி இறங்குபவர்களுக்கு, அதைக் கீழே இழுக்கும் சிறு தசையை விடுவிப்பதும் உதவும்.

அறுபதைத் தாண்டியவர்களுக்குத் தண்டின் மேல்தோல் மெலிந்திருக்கும். வைத்த துண்டின் விளிம்புகூட வெளியே தெரியும். நுனியை அதிகம் தூக்கினால் நேர்முகத்தில் துளைகள் தெரியும், அறுவை நடந்ததை எதிரே வருபவர் கண்டுகொள்வார். அந்த வயதில் இழந்த சில டிகிரியை மீட்டால் போதும், புது மூக்கு வேண்டாம்.

அறுவைக்கு முன் மூக்குத்தியைக் கட்டாயம் கழற்ற வேண்டும். ரத்தக்கசிவை நிறுத்தும் மின்கருவியால் உலோகம் பட்ட இடம் சுடக்கூடும். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும். புகையிலையை விட்டாக வேண்டும், அது காயம் ஆறுவதைத் தடுக்கும்.

வெளிக்கட்டு ஏறக்குறைய ஒரு வாரம் இருக்கும். கடலூர்ப் பக்கம் கத்திரி வெயிலில் செய்துகொண்டால் வியர்வையில் ஒட்டுநாடா கழன்றுவிடும். மார்கழி, தை வசதி. மூக்குக்கண்ணாடி நான்கு முதல் ஆறு வாரம் தண்டில் அழுந்தக்கூடாது.

நுனியின் வீக்கம் கடைசியாகத்தான் வடியும், ஓராண்டுகூட ஆகலாம். முதல் மாதம் அளவுக்கு மீறித் தூக்கியதுபோல் தெரிவது பிறகு தணியும். ஒப்பிட்டுப் பார்க்க செல்ஃபி உதவாது: 30 சென்டிமீட்டரில் எடுத்த படத்தில் மூக்கு, ஒன்றரை மீட்டரில் எடுத்ததைவிடச் சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும். அறுவைக்கு முன்பும், பன்னிரண்டாம் மாதமும், அதே ஒன்றரை மீட்டரில் நின்று வேறொருவரை எடுக்கச் சொல்லுங்கள்.