தகரக் கொட்டகைக்குப் பின்னால் நிற்கும் மலை

பண்டாரவளையில் இருக்கும் மாமா பழைய படம் ஒன்றைக் கையில் கொடுத்து, "இது எங்க தோட்டத்து லயந்தானே?" என்று கேட்டார். நெளி தகரம் போட்ட நீளக் கொட்டகைகள், வரிசை வரிசையாக. முன்னால் தாடியும் அகன்ற தொப்பியும் கசங்கிய கோட்டுமாக முப்பது நாற்பது ஆண்கள். பின்பக்கத்தில் பென்சிலால் 'சிலோன், கைதிகள்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஊரும் இல்லை, ஆண்டும் இல்லை.

லயம், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு, இல்லை என்று சொல்ல, ஓரத்தில் ஓடும் முள்வேலியே போதும். ஆனால் மாமா ஊரைத் தப்பாகப் பிடிக்கவில்லை. தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர்களை, அதாவது அங்கே குடியேறிய டச்சு வழிவந்த பண்ணைக்காரர்களை, ஆங்கிலேயர் 1900 ஆகஸ்டிலிருந்து கப்பல் கப்பலாக இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய 5,000 பேர். பெரும்பாலோரை ரயிலில் ஏற்றி, பண்டாரவளைக்குப் பக்கத்தில் இருக்கும் தியத்தலாவைக்கு அனுப்பினார்கள். மலைக் குளிர், ஆளில்லாத புல்வெளி, சில ஆண்டுகளுக்கு முன்புதான் வந்துசேர்ந்திருந்த ரயில் பாதை: முகாம் போட இதைவிட வேறு என்ன வேண்டும்?

சிக்கல் இங்கேதான். முதலாம் உலகப் போரில் ஜெர்மானியர்களையும் அங்கேதான் அடைத்தார்கள், இரண்டாம் உலகப் போரிலும் அங்கேதான். ஜெர்மானியப் பௌத்த பிக்கு ஞானதிலோக தேரர் இரண்டு போரிலும் தியத்தலாவையில் கைதியாக இருந்தவர். போயர் கைதிகளோ இலங்கையில் மட்டும் இருக்கவில்லை. செயின்ட் ஹெலினா, பெர்மூடா, இந்தியாவில் பல ஊர்கள், நம்ம திருச்சி வரைக்கும் போனார்கள். பென்சில் குறிப்பை எழுதியவர் எந்த நினைவில் எழுதினாரோ! என்னைக் கேட்டால், இப்படிப்பட்ட படத்தில் முகங்களை முதலில் பார்க்கவே கூடாது. மேல் ஓரத்தைப் பார்க்க வேண்டும், அதாவது மலையும் வானமும் தொடும் கோட்டை.

பஸ்ஸில் அப்புத்தளைக்குப் போகும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பீர்கள். பக்கத்துத் தேயிலைச் செடிகள் பின்னால் ஓடும், தூரத்து மலை நம்மோடேயே வரும். இடத்தைக் கண்டுபிடிக்கும் வித்தை முழுக்க இதுதான். கையை நீட்டிச் சுண்டுவிரலைப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 1 பாகை. நீங்கள் 100 மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், 1 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள மேடு கிட்டத்தட்ட ஆறு சுண்டுவிரல் அளவு இடம் மாறும். 20 கிலோமீட்டர் தூரத்து மலை ஒரு விரலில் மூன்றில் ஒரு பங்குகூட நகராது. அதனால் தூரத்து மலையின் வடிவம் எந்தப் பிரதேசம் என்று சொல்லும். கிட்டத்து மேடு அந்த மலையின் எந்தப் பகுதியை மறைக்கிறது என்பது, கேமரா எந்த இடத்தில் நின்றது என்று சொல்லும். இப்படி மறைக்கும் இரண்டு ஜோடிகள் கிடைத்தால் இரண்டு நேர்கோடுகள். அவை வெட்டும் இடத்தில்தான் கேமராவின் முக்காலி இருந்திருக்கிறது. நில அளவைக்காரர்களுக்கு இது பழைய கணக்கு. அவர்களுக்கான பயிற்சி நிலையமும் தியத்தலாவையில்தான் இருக்கிறது!

படத்தில் கிட்டத்து மேடு நன்றாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால் வெறும் வெள்ளை. மூடுபனி என்று நினைத்தோம், இல்லை. அந்தக் காலத்தில் படம் பிடித்த கண்ணாடித் தகடுகளில் பெரும்பாலானவை நீல ஒளிக்குத்தான் நன்றாக இசைந்தன, சிவப்பு அவற்றுக்கு இருட்டு. தூரத்து மலை நமக்கே நீலமாகத் தெரிவது, இடையில் உள்ள காற்று நீல ஒளியைச் சிதறடிப்பதால். அச்சிட்ட படத்தில் அந்த நீலமும் வானமும் ஒரே வெள்ளையாகக் கரைந்துவிடும். வெயிலில் சிவந்த முகங்கள் கறுத்துத் தெரிவதும் இதே காரணத்தால்தான். பழைய படத்தில் நிறத்தை வைத்து ஆளை எடைபோடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். நல்ல தரத்தில் ஸ்கேன் செய்து, வெள்ளைப் பகுதியில் மட்டும் வேறுபாட்டைக் கூட்டியபோது, பென்சில் கீறல் மாதிரி ஒரு முகடு எழுந்து வந்தது.

அடுத்து ஒப்பிட வேண்டும். 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் சுற்றி, ரேடாரால் பூமியின் உயரங்களை அளந்தது. சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் அந்தத் தரவு இன்று இலவசமாகவே கிடைக்கிறது. ஓர் இடத்தைச் சொன்னால், அங்கிருந்து தெரியும் முகட்டுக் கோட்டைக் கணினி வரைந்து தரும். பூமி உருண்டை என்பதையும் அது கணக்கில் எடுக்க வேண்டும்: 20 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மலை சுமார் 30 மீட்டர் கீழே இறங்கித் தெரியும். ஒரு குறை, 30 மீட்டர் இடைவெளியில் கூர்மையான பாறை முனைகள் மழுங்கிப்போகும்.

எங்கள் கோடு எதோடும் பொருந்தவில்லை. ஒரு மாலை முழுக்க வீண். கடைசியில் மாமிதான் கண்டுபிடித்தார்: "எல்லாருக்கும் பொத்தான் பொம்பளச் சட்டை மாதிரி இருக்கே?" ஆண்களின் கோட்டில் பொத்தான் அணிந்தவரின் வலப்பக்கம் இருக்கும். இதில் அத்தனை பேருக்கும் இடப்பக்கம். கண்ணாடித் தகட்டைப் புரட்டிவைத்து அச்சிட்டிருக்கிறார்கள். படத்தை இடவலம் மாற்றியதும், பல முனைகள் கொண்ட அந்தத் தூரத்து முகடு நமுனுகுலவோடு ஒட்டிக்கொண்டது. தியத்தலாவையிலிருந்து வடகிழக்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் மலை அது. சிங்களத்தில் ஒன்பது சிகரம் என்று பொருள் சொல்வார்கள்.

நிழலையும் பார்த்தோம். இந்த அகலாங்கில் நண்பகல் நிழல் டிசம்பரில்கூட ஆளின் உயரத்தில் பத்தில் ஆறு பங்கைத் தாண்டாது. படத்தில் நிழல் ஆளைவிட நீளம். காலையோ மாலையோதான், அதற்கு மேல் அது எதுவும் சொல்லவில்லை.

எந்தப் போர் என்பதை மலை சொல்லாது, அதற்குத் துணிமணிதான். சீருடையே இல்லாமல், பண்ணையிலிருந்து அப்படியே எழுந்து வந்த மாதிரி உடையும் தாடியும் போயர் பக்கம் சாய்கின்றன. இதை மலை பொருந்தியது போல அடித்துச் சொல்ல மாட்டேன்.

கணினி காட்டிய புள்ளி இன்று இராணுவ நிலத்துக்குள் இருக்கிறது. நாங்கள் வேலிக்கு வெளியே, ரோட்டோரம் நின்று பார்த்தோம். பின்னால் நட்ட யூகலிப்டஸ் மரங்கள் பாதியை மறைத்தன. ஓர் இடைவெளியில் நமுனுகுல தெரிந்தது. மாமா ஒரு கையில் படத்தை வைத்துக்கொண்டு மறுகையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டார். படத்தில் இருந்ததைவிட முன்மேடு ஒரு சுண்டுவிரல் அளவு இடப்பக்கம் தள்ளியிருந்தது.

"மலை சரிதான் மருமகனே, நாமதான் தள்ளி நிக்கிறோம். இன்னும் பதினஞ்சு இருபது மீட்டர் இந்தப் பக்கம்" என்று வேலிக்கு உள்ளே கையைக் காட்டினார்.