வாய் நிறையச் சொல்கிறான், நோட்டில் இரண்டு வரிதான்

"ஏனுங்க மிஸ், வாயத் தொறந்தா நிறுத்தமாட்டேங்கறான். நோட்ட எடுத்தா ரெண்டு வரிக்கு மேல போகமாட்டேங்குது." கோபிச்செட்டிபாளையம் பக்கம், படிக்க எழுதத் திணறும் பிள்ளைகளுக்குச் சிறப்பாசிரியராக இருக்கும் எனக்கு, காலாண்டுத் தேர்வு நெருங்கும்போதெல்லாம் இந்தப் பேச்சு காதில் விழும்.

போன வருடம் வந்த ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் நோட்டில், 'நான் கண்ட திருவிழா' என்ற தலைப்புக்குக் கீழே இப்படி இருந்தது: "அந்தியூர் போனோம் குதிரை இருந்தது மழை நல்லா இருந்தது அப்பச்சி பஜ்ஜி குதிரை வெள்ளை." அடியில் சிவப்பு மையில், 'கவனம் இல்லை.'

நோட்டை மூடி வைத்துவிட்டு, "அங்க என்ன கண்ணு பார்த்தே?" என்றேன். ஐந்து நிமிடம் நிற்காமல் சொன்னான். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்கு அப்பச்சியோடு, அதாவது தாத்தாவோடு, வண்டியில் போனது, வெள்ளைக் குதிரை ஒன்று மேளத்துக்குக் கால் மாற்றி ஆடியது, அப்பச்சி விலை கேட்டுவிட்டுச் சிரித்தது, மழை பிடித்ததும் கடையோரம் ஒதுங்கி பஜ்ஜி தின்றது. வரிசை எங்கும் பிசகவில்லை. இந்தப் பிள்ளைக்கா கவனம் இல்லை?

எழுதும்போது ஒரே நேரத்தில் எத்தனை வேலை என்று பாருங்கள். நினைத்ததை மனதில் பிடித்துக்கொள்ள வேண்டும். எது முன், எது பின் என்று பார்க்க வேண்டும். 'போனமுங்க' என்பதைப் 'போனோம்' ஆக்க வேண்டும். சின்ன 'ர'வா, பெரிய 'ற'வா என்று யோசிக்க வேண்டும். மனசு ஒரு சமயத்தில் தாங்கும் சுமைக்கு அளவு உண்டு. எழுத்துக்கூட்டலில் திணறும் பிள்ளை 'வெள்ளை' என்று எழுதி முடிப்பதற்குள், குதிரை என்ன செய்தது என்பது நழுவிவிடுகிறது.

அதனால் நான் வேலைகளைப் பிரித்துவிடுகிறேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சீட்டுச் சீட்டாக வெட்டி வைத்திருக்கிறேன். பிள்ளை வாயால் சொல்லச் சொல்ல, ஒரு சீட்டில் ஒரே ஒரு சங்கதி, ஓரிரு சொல் போதும். பிறகு தரையில் பரப்பி அவனையே அடுக்கச் சொல்வேன். அன்று மழையை முதலில் வைத்தான். "குதிரை ஆடறப்ப நனைஞ்சுதா?" என்று கேட்டேன். யோசித்தான். மழைச் சீட்டை எடுத்துக் கீழே வைத்தான். எழுதி முடித்த வாக்கியத்தை அடித்துத் திருத்தச் சொன்னால் பிள்ளைகள் அழுதுவிடும். சீட்டை நகர்த்துவது யாருக்கும் வலிப்பதில்லை.

அடுக்கி முடித்ததும் ஒவ்வொரு சீட்டுக்கும் 'எப்படி', 'ஏன்', 'பொறவு' என்று கேட்டால் வாக்கியம் தானாக வரும். இங்கே தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. 'போய், பார்த்து, வாங்கி, நனைந்து' என்று எச்சங்களாகவே கோத்துக்கொண்டு போகலாம். பேச்சில் அது அழகு, நோட்டில் முற்றுப்புள்ளியே விழாது. இரண்டு எச்சம் வந்தால் மூன்றாவது வினைமுற்று என்று விளையாட்டாக விதி வைத்திருக்கிறேன். 'ஆனால்', 'அதனால்', 'அதற்குள்' என்று எழுதிய குட்டிச் சீட்டுகளை நடுவில் செருகச் சொல்வேன். கையெழுத்தும் பிழையும் கடைசி நாளைக்கு.

பெற்றோரிடம் நான் மன்றாடிக் கேட்பது ஒன்று. பிள்ளை சொல்லும்போதே வீட்டுப் பேச்சைத் திருத்தாதீர்கள். "ஒறம்பரை வந்தாங்க" என்றால் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். 'விருந்தினர்' பிறகு வரட்டும். கைடு கட்டுரையை மனப்பாடம் செய்ய வைப்பதும் வேண்டாம். மார்க் வரும், யோசிக்கும் பழக்கம் போய்விடும். பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து வரும் அம்மாக்களுக்கு உட்கார நேரம் இருக்காதுதான். சோறு வேகும் நேரத்தில் மூன்று சீட்டு போதும்.

சில மாதம் இப்படிச் செய்தும் மாற்றமே இல்லை என்றால், முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். பிறகு கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீடு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைக் குறைபாடுகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சான்று இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதும் உதவியாளரும் கேட்கலாம். ஊர் என்ன சொல்லுமோ என்ற வெசனத்தில் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அந்தப் பையன் மூன்று மாதம் கழித்து அந்தியூரையே மறுபடி எழுதினான். விலைச் சீட்டைத் தானே எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தான். "அப்பச்சி குதிரைக்கு விலை கேட்டார்" என்று கட்டுரை தொடங்கியது. மழை பதினோராவது வரியில்தான் வந்தது.