நல்ல காரியத்துக்குத்தானே செலவு பண்ணோம்னு சொல்லாதீங்க, ப்ளீஸ்

சின்ன ஊர்ல சமூக வேலைகளுக்குன்னு ஒதுக்குற கிராண்ட் பணத்துக்குக் கணக்கு பாக்குறது என் தொழில். இந்த வாரம் வந்த ஃபைலைப் பாத்ததும் இதை எழுதாம இருக்க முடியல. ஒரு குழு, பிள்ளைங்க விளையாடுற இடத்துக்கு வேலி போடுறோம்னு பணம் வாங்கியிருக்காங்க. நடுவுல நூலகக் கூரை ஒழுக ஆரம்பிச்சுடுச்சு, புத்தகமெல்லாம் நனையுதேன்னு வேலிக் காசை எடுத்துக் கூரைய மாத்திட்டாங்க. யாரும் ஒரு பைசா எடுக்கல, பில்லெல்லாம் சுத்தமா இருக்கு, கூரையும் நல்லாத்தான் போட்டிருக்காங்க. பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லி லெட்டர் போனதும் பொருளாளர் சண்டைக்கே வந்துட்டார், "நாங்க என்ன திருடிட்டோமா சார், நல்ல காரியத்துக்குத்தானே செலவு பண்ணோம்?"

இல்லீங்க, உங்களை யாரும் திருடன்னு சொல்லல. ஆனா அது உங்க பணம் இல்ல, அவ்ளோதான் விஷயம். இதே வசனத்தை வேற வேற குழுக்கள்கிட்ட கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப் போச்சு.

நன்கொடை வேற, கிராண்ட் வேற. எந்த நிபந்தனையும் இல்லாம ஒருத்தர் குடுத்த காசுன்னா உங்க நோக்கத்துக்குள்ள எதுக்கு வேணா கமிட்டி கூடி முடிவெடுத்துச் செலவு பண்ணலாம். கிராண்ட் அப்படி வர்றதில்ல. சாங்ஷன் லெட்டர்ல, அதாவது பணம் ஒதுக்குன கடிதத்துல, வேலின்னு போட்டிருந்தா அது வேலிக்கான பணம், வேலி போடலைன்னா உங்க அக்கவுண்ட்ல கிடக்குற அடுத்தவங்க பணம். அக்கவுண்ட்ல ஏறிட்டதால உங்களுது ஆயிடாது. நிபந்தனையோட வர்ற பணத்தை, அந்த வேலை நடக்குற வரைக்கும் பெரும்பாலும் நாங்க வருமானப் பக்கமே எழுத மாட்டோம், திருப்பித் தரவேண்டியது மாதிரி பொறுப்புப் பக்கம்தான் நிக்கும். இன்னொண்ணும் யோசிச்சுப் பாருங்க. நீங்க வேலின்னு கேட்டதாலதான் தேர்வுக் கமிட்டி மார்க் போட்டு உங்களுக்குக் குடுத்துச்சு, அதே ரவுண்டுல வேற ஒரு குழு தங்க கட்டடத்துக் கூரைக்குன்னு நேர்மையா கேட்டுக் கிடைக்காம வெறுங்கையோட போயிருக்கலாம், அவங்களுக்கு என்ன பதில் சொல்றது?

மாத்தவே கூடாதுன்னும் இல்ல. பலர் குடுக்குற பணத்தைச் சேத்துவச்சு ஊர் வேலைகளுக்குப் பிரிச்சுக் குடுக்குற சமூக நிதி அமைப்புகள் பொறந்ததே ஒரு விதத்துல இந்தப் பிரச்சினையாலதான். 1914ல அமெரிக்காவுல கிளீவ்லாந்து ஃபவுண்டேஷனை ஆரம்பிச்ச ஃபிரெடெரிக் காஃப் ஒரு வக்கீல், டிரஸ்ட் வங்கித் தலைவர். எப்பவோ செத்துப்போனவங்க உயில்ல எழுதிவச்ச காரியம் காலாவதி ஆனப்புறமும் பணம் அதுலயே மாட்டிக்கிட்டு நிக்குதேங்கறதுதான் அவரோட கவலை. அதனால தேவைப்பட்டா நோக்கத்தை மாத்துற அதிகாரத்தை அமைப்போட நிர்வாகத்துக்கே குடுக்கற மாதிரி வச்சார். கவனிங்க, அதிகாரம் பணத்தைப் பாத்துக்கிறவங்ககிட்ட இருக்கு, வாங்கிச் செலவு பண்றவங்ககிட்ட இல்ல. கூரை ஒழுகின அன்னைக்கே "வேலி வேலைய நிறுத்தி வச்சிருக்கோம், கூரைக்கு மாத்திக்க அனுமதி வேணும், கொட்டேஷன் இதோ"ன்னு ஒரு பக்கம் எழுதிப் போட்டிருந்தா குடுத்திருப்பாங்களோ என்னவோ, குடுக்காட்டியும் இன்னைக்குக் கையிலிருந்து கட்ட வேண்டிய நிலைமை வந்திருக்காது. ஃபோன்ல கேட்டோம், சரின்னாங்கன்னு சொல்றீங்களே, அது செல்லாது. எழுத்துல பதில் வர்ற வரைக்கும் காசைத் தொடாதீங்க.

மத்ததெல்லாம் சுருக்கமா சொல்றேன். சாங்ஷன் ஆகுறதுக்கு முன்னாடியே வேலைய முடிச்சுட்டு பில்லைத் தூக்கிட்டு வராதீங்க, முடிஞ்ச வேலைக்குப் பெரும்பாலான நிதிகள் பணம் தராது. பில் குழு பேர்ல இருக்கணும், பொருளாளர் சொந்தக் கார்டுல வாங்கிட்டு அப்புறமா குழு அக்கவுண்ட்லேர்ந்து எடுத்துக்கிட்டேன்னு சொன்னா நான் எதை நம்புறது? தனி அக்கவுண்ட், ரெண்டு பேர் கையெழுத்து, இதுல விட்டுக்குடுக்கவே கூடாது. செயலாளரோட மச்சான் கான்டிராக்டரா இருக்கறது குத்தம் இல்ல, அதை மறைக்கறதுதான் குத்தம். கொட்டேஷன் வாங்குறதுக்கு முன்னாடியே மினிட்ஸ்ல, அதான் கூட்டக் குறிப்புல, எழுதுங்க, அந்த முடிவு எடுக்குறப்ப அவர் ரூமை விட்டு வெளிய போகட்டும். வேலைச் செலவுல உங்க பங்கா பணத்துக்குப் பதிலா உழைப்பைக் காட்டுறதா இருந்தா யாரு, என்னைக்கு, எத்தனை மணி நேரம்னு அன்னன்னைக்கே எழுதிக் கையெழுத்து வாங்கிடுங்க. கடைசி நாள் உக்காந்து ஒரே பேனாவுல ஒரே கையெழுத்துல மொத்த ரெஜிஸ்டரையும் எழுதுறது எங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்கறீங்க பாருங்க, அங்கதான் சிரிப்பு வருது.

பட்ஜெட் போடுறப்பவே எதிர்பாராத செலவுன்னு ஒரு தலைப்பு வைக்க அனுமதி இருக்கான்னு கேளுங்க, நிறைய நிதிகள் ஒரு அளவுக்கு ஒத்துக்கும், கேக்குறதுக்குத்தான் ஆளில்ல.

அந்தப் பொருளாளர்கிட்டயும் இதைத்தான் சொன்னேன். நடந்ததை அப்படியே எழுதி, கூரை பில்லையும் ஃபோட்டோவையும் வச்சு, தவணையில கட்ட அனுமதி கேளுங்க. அந்தக் கணக்கு முடியாம அடுத்த ரவுண்டுக்கு அப்ளிகேஷனோட வந்து நிக்காதீங்க, கவரைக்கூடப் பிரிக்க மாட்டாங்க.