அறிகுறி வர்றதுக்கு முன்னாடியே தேயுற வொயிட் மேட்டர்: ஹன்டிங்டன் நோய எம்ஆர்ஐ எப்படி பாக்குது?

ஹன்டிங்டன்ங்கிற பரம்பரை மூளை நோய் பத்தி நம்மள்ல பலபேர் கேள்விப்பட்டே இருக்க மாட்டோம். அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் வர்றதுக்கு சரிபாதி வாய்ப்பு இருக்கு, ஆண் பெண்ணுன்னு எந்த வித்தியாசமும் கிடையாது. பெரும்பாலும் 30லேருந்து 50 வயசுக்குள்ள ஆரம்பிக்கும், அதாவது கல்யாணம் ஆகி பிள்ளைகளும் பிறந்த பிறகு. கை கால் தன் இஷ்டத்துக்கு ஆடும், கோவமும் மனச்சோர்வும் வரும், யோசிக்கிற வேகம் குறையும், அப்புறம் வருஷக்கணக்கா மோசமாயிட்டே போகும். அமெரிக்காவுல ஜார்ஜ் ஹன்டிங்டன்ங்கிற டாக்டர் 1872ல, தன்னோட 22 வயசுல, இத தெளிவா எழுதி வெச்சதால அவர் பேரே நின்னுடுச்சு.

1993ல இதுக்கான ஜீன கண்டுபிடிச்சாங்க, நாலாவது குரோமோசோம்ல இருக்கு. வெனிசுவேலாவுல மரகைபோ ஏரிக்கரையில இந்த நோய் ரொம்ப அதிகமா இருக்குற பெரிய குடும்பங்கள் இருக்கு, அவங்க குடுத்த ரத்தம் இல்லாம அந்த வேலை நடந்திருக்காது. அங்க வருஷா வருஷம் ஆராய்ச்சிக் குழுவக் கூட்டிட்டுப் போன நான்சி வெக்ஸ்லரோட அம்மாவும் இதே நோயால இறந்தவங்கதான். அந்த ஜீன்ல சிஏஜிங்கிற மூணு டிஎன்ஏ எழுத்து திரும்பத் திரும்ப வரும், அது 40 தடவையோ அதுக்கு மேலயோ வந்தா நோய் வந்தே தீரும்னு எடுத்துக்கலாம், 36லேருந்து 39 வரைக்கும்னா வரலாம் வராமலும் போகலாம்.

ரத்தத்துலயே இது தெரிஞ்சுடுறதால, இன்னும் நல்லா வேலைக்குப் போய்ட்டு இருக்குற ஒருத்தரோட மூளையில இப்ப என்ன நடக்குதுன்னு பாக்க முடியுது. வேற பல மூளை நோய்கள்ல இது நடக்காது, ஏன்னா யாருக்கு வரப்போகுதுன்னே முன்கூட்டி தெரியாது.

ரொம்ப காலமா எல்லாரும் பாத்தது மூளைக்கு நடுவுல இருக்குற காடேட், புட்டாமென்ங்கிற ரெண்டு பகுதியத்தான், நரம்பு செல்கள் அங்கதான் அதிகமா சாகுது. ஆனா மூளையில பாதி அளவுக்கு வொயிட் மேட்டர்தான் இருக்கு. ஒரு பகுதியிலேருந்து இன்னொரு பகுதிக்கு செய்தி கொண்டுபோற நீளமான நரம்பு இழைகள், அதுமேல சுத்தியிருக்குற மைலின்ங்கிற கொழுப்பு உறை, எல்லாம் சேந்ததுதான் அது. அதோட நிறமே அந்தக் கொழுப்பாலதான். 20 வயசு ஆளோட மூளையில இருக்குற இந்த இழைகள ஒண்ணா நீட்டினா கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் கிலோமீட்டரோ அதுக்கு மேலயோ வரும்னு கணக்கு போட்டிருக்காங்க, இதுல எங்க எவ்வளவு கெட்டுப்போச்சுன்னு மண்டையத் திறக்காம எப்படி சொல்றது?

சாதாரண எம்ஆர்ஐ வொயிட் மேட்டரோட அளவு சுருங்குறத மட்டும்தான் காட்டும். உள்ள இழை எப்படி இருக்குன்னு பாக்க டிஃப்யூஷன் டென்சர் இமேஜிங், சுருக்கமா டிடிஐ. 1990கள்ல பீட்டர் பாசர், டெனிஸ் லெ பிஹான் மாதிரியானவங்க கொண்டுவந்தது. இது பாக்குறது இழைய இல்ல, தண்ணிய. டம்ளர் தண்ணியில ஒரு சொட்டு மை விட்டா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவும், ஈரமான வாழைநார்ல விட்டா நார் போற பக்கமாத்தான் ஓடும். மூளைக்குள்ள இருக்குற தண்ணி மூலக்கூறும் அப்படித்தான், இழையோட நீளவாக்குல சுலபமா நகரும், குறுக்க போகப் பாத்தா செல் சவ்வும் மைலினும் தடுக்கும். மெஷின் காந்தப்புலத்த ஒவ்வொரு திசையா மாத்தி மாத்தி, குறைஞ்சது ஆறு திசையில, வழக்கமா 30, 60னு, சுமார் 2 மில்லிமீட்டர் கட்டம் ஒவ்வொண்ணுலயும் தண்ணி எந்தப் பக்கம் எவ்வளவு நகருதுன்னு அளக்கும். அதுலேருந்து 0லேருந்து 1 வரைக்கும் ஒரு எண் வரும், அதுக்குப் பேரு எஃப்ஏ. தண்ணி ஒரே திசையில போனா 1 பக்கம், எல்லாத் திசையிலயும் போனா 0 பக்கம். இழை அழிஞ்சாலோ மைலின் தேஞ்சாலோ தண்ணி குறுக்கயும் ஓட ஆரம்பிக்கும், எஃப்ஏ இறங்கும்.

ஆனா எஃப்ஏ குறைஞ்சா கெட்டது, கூடினா நல்லதுன்னு எடுத்துக்கக் கூடாது. ஹன்டிங்டன்ல காடேட், புட்டாமென் உள்ள எஃப்ஏ கூடுறத திரும்பத் திரும்ப பாத்திருக்காங்க. அங்க பல திசையில இழைகள் குறுக்கும் நெடுக்குமா போகும், அதுல சிலது அழிஞ்சுட்டா மிச்சம் இருக்குறது ஒரே திசையில நிக்கும், அதனாலதான் எண் ஏறுதுன்னு விளக்கம் சொல்றாங்க. எனக்கு இந்தத் துறையிலயே ரொம்பப் பிடிச்ச இடம் இது, ஒரு எண்ண வெச்சு அவசரப்படக் கூடாதுன்னு இவ்வளவு தெளிவா காட்டுற உதாரணம் வேற எனக்குத் தெரியல.

இன்னொரு சிக்கலும் இருக்கு, ஸ்கேன் ஓடுற அத்தன நிமிஷமும் தலை ஆடாம இருக்கணும், இந்த நோயோட முக்கிய அறிகுறியே உடம்பு தானா ஆடுறதுதான். தலை ஆடினா படம் கெட்டு எஃப்ஏவும் தப்பாகும், அத சரிபண்ணாம நோயாளிகளயும் மத்தவங்களயும் ஒப்பிட்டா வர்ற முடிவ நம்ப முடியாது.

டிராக்-ஹெச்டின்னு ஒரு பெரிய ஆய்வு, சாரா டப்ரிஸி தலைமையில லண்டன், பாரிஸ், லெய்டன், வான்கூவர் நாலு ஊர்லயும் நடந்துச்சு. மொத்தம் 366 பேர், அதுல 120 பேர் கெட்ட ஜீன் இருந்தும் இன்னும் நோய் வராதவங்க. 2009ல வந்த முதல் முடிவுலயே, நோய் வராத இவங்களுக்கும் வொயிட் மேட்டர்ல வித்தியாசம் இருக்குன்னு தெரிஞ்சுது. திரும்ப ஸ்கேன் எடுத்துப் பாத்தப்ப மூளை சுருங்குற வேகமும் கெட்ட ஜீன் இல்லாதவங்களவிட இவங்களுக்கு அதிகம்.

செல் செத்ததால இழை போகுதா, இல்ல மைலினே முதல்ல கெடுதாங்குறதுல இன்னும் விவாதம் ஓடுது. மைலின் செய்யுற செல்கள்ல மட்டும், இந்தக் கெட்ட ஜீன் உண்டாக்குற ஹன்டிங்டின் புரதத்த வெச்சு வளத்த எலிகளுக்கே மைலின் குறைஞ்சு நோய் வந்துச்சு, அதனால வொயிட் மேட்டர வெறும் பக்கவிளைவுன்னு ஒதுக்க முடியாது.

இந்த நோய்க்கு 2022ல வந்த புது நிலை வரிசையில நிலை 0ன்னா கெட்ட ஜீன் மட்டும் இருக்கு, நிலை 1 ஸ்கேன்ல தெரியுற மாற்றம், நிலை 2 அறிகுறி, நிலை 3ல அன்றாட வேலை பாதிக்கும். நிலை 1க்கு எடுத்துக்கிட்டது காடேட், புட்டாமென் அளவத்தான், டிடிஐய இல்ல. டிடிஐ எண் மெஷினுக்கு மெஷின் மாறும், பல ஊர்ல நடக்குற மருந்து சோதனைக்கு அது பெரிய தொந்தரவு. அதோட இதெல்லாம் கூட்டமா சேத்துப் பாத்தா வர்ற சராசரி வித்தியாசம், ஒருத்தரோட ஒரே ஒரு ஸ்கேன வெச்சு உங்களுக்கு இந்த வருஷம் நோய் ஆரம்பிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது, அப்படி யாராவது சொன்னா நம்பாதீங்க.